பக்கத்தில் நிற்கப் படித்துக்கொண்டு வா

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்காகக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நீ சிரிப்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீயும் வினோதினியும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினீர்களே, அப்போதே சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. மருமகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது மாமனார் பிரசவத்தைப் பற்றிப் பேசுவதா என்று விழுங்கிவிட்டேன். அந்தக் கூச்சம் என்ன விலை கேட்கும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. தெரிந்தும் விழுங்கினேன் பார், அதை நினைத்தால்தான் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

வினோதினி அன்றைக்கு என்ன கேட்டாள்? "மாமா, பிரசவம் பாக்க வரப்போற மதுரை அக்கா, அதுக்கு முன்னாடி வகுப்புக்கு வரச் சொல்றாங்க. ரெண்டு பேரும் வரணுமாம். போகட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சிரித்தாய். "எங்கம்மா எந்த வகுப்புக்குப் போயி என்னப் பெத்துச்சு? வீட்டுலயே சுகமா பெத்துச்சு. அதெல்லாம் நம்ம வம்சத்துல ஊறுனது" என்றாய். அவளும் சிரித்தாள், ஆனால் அரை மனதோடு சிரித்தாள். அடுப்படியில் நின்றிருந்த உன் அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அது உனக்குக் கேட்டிருக்காது.

வீட்டில் பெறுவது என்று நீங்கள் முடிவெடுத்ததைப் பற்றி நான் இங்கே சண்டை போட வரவில்லை. கேட்ட அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை, அது உண்மை. ஊர் நர்ஸம்மா காதுக்கு எட்டினால் வாசலில் வந்து நின்று என்னைத்தான் கிழிப்பார். ஆனால் வினோதினியின் நியாயமும் எனக்குப் புரிகிறது. அவள் கூடப்பிறந்த அக்காவை ஆஸ்பத்திரியில், வலி தாங்காமல் கத்தியதற்கு, எழுதக் கூசுகிற வார்த்தையால் திட்டியிருக்கிறார்கள். கூட நின்று கையைப் பிடிக்க ஒரு ஆளை உள்ளே விடவில்லை. அந்த அக்கா இன்னும் அதைச் சொல்லி அழுகிறாள் என்றால், தங்கச்சிக்கு எப்படி மனசு வரும்? முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் பக்கத்து வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைக் கூட்டிப் போய்விடுவார்கள். வினோதினிக்கோ அம்மா இல்லை. மல்லாங்கிணறில் அவள் அப்பா தனி ஆளாக ஓட்டல் சாப்பாட்டில் நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறார். "அத்தை கையப் பிடிச்சுக்கிட்டு அங்கயே பெத்துக்கிறேன்" என்று சொல்லி நம் எம்.ரெட்டியபட்டி வீட்டுக்கு வருவதாக இருக்கிறாள். தாயில்லாப் பிள்ளை நம்பி வருகிற வீடு இது. வாயும் வயிறுமாக ஒரு பெண் நம் வாசல்படி மிதித்துவிட்டால், அவள் திரும்பி நல்லபடியாக நடந்து போகிற வரைக்கும் அந்தப் பொறுப்பு நம் தலையில்.

உனக்கு நினைவிருக்கும், கார் ஓட்ட உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். பாளையம்பட்டி தாண்டிப் போகும் வெறும் ரோட்டில், விடிந்தும் விடியாமலும் உன்னைக் கூட்டிப் போய் ஸ்டியரிங்கைக் கொடுத்தேன். நன்றாகத்தான் ஓட்டினாய். அப்புறம் உன்னை டவுனில் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்தபோது குதித்தாயே ஒரு குதி! "டிரைவர் மகன் போயி டிரைவிங் ஸ்கூல்ல உக்காந்தா ஊரே சிரிக்கும்ப்பா" என்றாய். நான் பிடிவாதமாக அனுப்பினேன். ஏனென்று அன்றைக்குச் சொல்லவில்லை. அப்பன் ஓட்டுவதைப் பார்த்துப் பழகியவனுக்கு, அப்பன் செய்யும் தப்பும் சேர்ந்தே வரும். நமக்குத் தெரியும் என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் வண்டியில் ஏறும் முதல் எமன். நான் அப்படி நினைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது நீ பிறந்த கதையில் இருக்கிறது.

நீ கேட்டு வளர்ந்த கதை பாதிக் கிணறு வரைக்கும்தான். "எம்மக ஆஸ்பத்திரி வாசல மிதிக்காமப் பெத்தா" என்று உன் அம்மாச்சி கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று போகிற இடமெல்லாம் சொன்ன கதை. உன் அம்மா மறுத்துப் பேசியதில்லை. நானும் தலையாட்டினேன். மீதிக் கிணற்றை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு முதலாளியின் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள், திருச்சுழிக்கும் அந்தப்பக்கம். பங்குனி மாதம், நல்ல மத்தியான வெயில். கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தைத் திருச்சுழியில் இறக்கிவிட்டு, அவர்கள் கும்பிட்டு முடிப்பதற்குள் அவளை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியைத் திருப்பினேன். வாசலிலேயே உன் அம்மாச்சி மறித்தாள். "மாப்ளே, வலி எடுத்துருச்சு. மருத்துவச்சி உள்ள இருக்கா. நீங்க வராதீக, அந்த வேப்பமரத்துக் கீழ போயி இருங்க" என்றாள். போய் இருந்தேன், கோயிலில் இறக்கிவிட்டவர்களை மறந்து. உள்ளே எப்படி இருக்கிறாள், என்ன செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற ஆம்பளையைக் கேலி செய்கிற காலம். அது மட்டுமில்லை, கேட்டிருந்தாலும் அவர்கள் சொல்லும் பதிலில் எது நல்லது எது கெட்டது என்று எனக்கு விளங்கியிருக்காது.

கொஞ்ச நேரத்தில் நீ அழுத சத்தம் கேட்டது. "ஆம்பளப் புள்ள! தாயும் புள்ளையும் வேற வேறயாயிருச்சு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் இருந்த மிட்டாயை எல்லாம் வாங்கித் தெருவுக்குக் கொடுத்தேன். அதற்குள் உள்ளே ஒரு பஞ்சாயத்து. பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பது யார்? சீனித் தண்ணீரைத் தொட்டு முதல் சொட்டு நாக்கில் வைக்கிறவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள் இல்லையா? நீ சின்ன வயதில் முரண்டு பிடிக்கும்போதெல்லாம் "ஒனக்கு யாருலே சேனை வச்சது?" என்று திட்டுவேனே, அந்தச் சேனைதான். உன் தாய்மாமன் வைக்கட்டும், சாந்தமானவன் என்றார்கள் சிலர். அவன் சாந்தமில்லை சோம்பேறி, பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிட்டால் பிள்ளைக்குப் படிப்பு வரும் என்றார்கள் சிலர். கடைசியில் வாத்தியார் என்று முடிவானது. அவரைக் கூட்டி வர யார் போவது? வாசலில்தான் கார் நிற்கிறதே! நான்தான் போனேன். எட்டாவது படித்த டிரைவர், தன் மகனுக்குப் படிப்பு வர வேண்டும் என்று கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் பறந்தேன். வாத்தியார் வகுப்பை முடித்து, கை கால் கழுவி, சட்டையைச் சரி செய்துகொண்டு ஏறினார்.

சேனை வைத்தார். நீ சப்புக்கொட்டினாயாம். எல்லோரும் சிரித்த சத்தம் வாசலுக்குக் கேட்டது. எல்லோர் கண்ணும் உன் மேல் இருந்தது ஐயா, ஒரு கண் கூட உன் அம்மா மேல் இல்லை. கண்ணை இருட்டுகிறது என்று அவள் முதலிலேயே சொல்லியிருக்கிறாள். "பெத்த அசதி, செத்த நேரம் படு" என்றிருக்கிறார்கள். படுத்துவிட்டாள். அந்தச் சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகுதான் யாரோ கோரைப்பாயைப் பார்த்திருக்கிறார்கள். ரத்தம் பாயைத் தாண்டி ஓடியிருந்தது.

"மாப்ளே, வண்டிய எடுங்க" என்று கத்தினாள் உன் அம்மாச்சி. நாலு பெண்களாகச் சேர்ந்து உன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சீட்டில் கிடத்தினார்கள். அம்மாச்சி மடியில் தலை. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். பின் சீட்டைப் பார்க்கிறதுக்கென்று முன்னால் தொங்குகிற கண்ணாடி. ஒரு பெண் அப்படிக் கிடக்கும்போது ஆம்பளை பார்க்கக் கூடாது, பெண்டாட்டியாகவே இருந்தாலும் மாமியார் எதிரில் பார்க்கக் கூடாது. இது யாரும் சொல்லித் தந்த பாடம் இல்லை, கை தானாகப் போனது. அம்மாச்சிக்குக் கூட அதில் திருப்தி. "மாப்ள குணமானவரு" என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

வழியில் உன் அம்மா தண்ணீர் கேட்டாள். என் காலடியில் தண்ணீர் இருந்தது. "பச்ச ஒடம்பு, தண்ணி குடுக்கப்பிடாது" என்றாள் அம்மாச்சி. சரி என்று ஓட்டினேன். இன்னும் ரெண்டு தடவை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. முனகலும் நின்றுவிட்டது. "என்னத்தே, தூங்கிட்டாளா?" என்றேன் ரோட்டைப் பார்த்தபடியே. "ஆமா மாப்ளே, கண்ணசந்துட்டா" என்றாள். கதிரு, இதையும் எழுதிவிடுகிறேன். தூங்குகிற பெண்டாட்டி குலுங்கி எழுந்துவிடக் கூடாது என்று, ரோட்டில் கிடந்த பள்ளத்துக்கெல்லாம் வண்டியை மெதுவாக்கி மெதுவாக்கி ஓட்டினேன். பருத்தி லோடு ஏற்றிய ஒரு டிராக்டர் முன்னால் போனது. அதை முந்தக்கூட இல்லை, அதன் பின்னாலேயே போனேன். அந்தக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் இருந்து, அவள் முகத்தை நான் ஒரு தரம் பார்த்திருந்தால், அது தூக்கமில்லை என்று டிரைவருக்குத் தெரிந்திருக்கும். பேருக்கு ஒரு பார்வை போதும். பாதையோரம் அடிபட்டுக் கிடந்தவர்களை எத்தனையோ பேரை ஏற்றிப் போனவன் நான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவள் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஏன்யா, இவ்ளோ நேரம் என்னய்யா செஞ்சீக?" என்றார். என்ன சொல்வேன்? மிட்டாய் கொடுத்தேன், வாத்தியாரைக் கூட்டி வந்தேன், மெதுவாக வண்டி ஓட்டினேன். கார் ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லாம் ஓடி வந்து ரத்தம் கொடுத்தார்கள். டாக்டர்கள் ஆபரேஷன் செய்து, கர்ப்பப்பையை எடுத்து, உயிரைக் காப்பாற்றினார்கள். "எனக்கு ஏம்மா தம்பி தங்கச்சி இல்ல?" என்று நீ கேட்கும்போதெல்லாம் "நீ ஒருத்தன் பண்ற சேட்டை போதாதா" என்பாளே, அதற்குப் பின்னால் இருந்தது இதுதான். வெளியே சொன்னால் பெண்ணைக் குறையாகப் பேசுவார்கள் என்று அம்மாச்சி மீதிக் கதையை முழுங்கினாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். மருத்துவச்சி மேலும் எனக்குக் கோபம் இல்லை, பிள்ளையை அவள் நல்லபடியாகத்தான் எடுத்தாள். ஆனால் முழுங்காமல் விட்ட பாதி மட்டும் உன் காதுக்கு வந்து, அதை நம்பி நீ இன்னொரு பெண்ணின் உயிரை வைத்துப் பேசுகிறாய் என்னும்போது இனி நான் சும்மா இருக்க முடியாது.

திங்கட்கிழமை நான் அந்த மதுரை அம்மாளுக்கு போன் போட்டேன். உன்னிடம் நம்பர் கேட்டால் எதற்கு என்பாய், வினோதினியிடம் வாங்கினேன். பிரசவம் பார்ப்பதற்கென்றே படித்த நர்ஸ், கறாரான ஆள். "வகுப்புல என்னம்மா சொல்லித் தருவீங்க, மூச்சு விடுறதா?" என்று கொஞ்சம் இளக்காரமாகத்தான் கேட்டேன். "பாதி அதுதான் ஐயா. மீதிப் பாதி, எப்ப வீட்ட விட்டுக் கெளம்பணும்ங்கிறது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எவ்வளவு ரத்தம் சாதாரணம், எவ்வளவு ஆபத்து, பெண் சொல்லும் எந்த வார்த்தையை அசதி என்று தள்ளக் கூடாது, பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் எதுவும் வைக்காமல் தாயிடம் பாலுக்குப் போடுவது, எல்லாம் சொல்லித் தருவாராம். டாக்டரிடம் காட்டி, வீட்டில் பெறலாம் என்று அவர் சொன்னால்தான் தானும் வருவேன் என்றார். "வகுப்பு முடிச்சுட்டு, எனக்கு ஆஸ்பத்திரிதான் சரின்னு மனசு மாறுனவங்களும் உண்டு ஐயா. அப்பவும் சந்தோசமா அனுப்பி வைப்பேன்" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. கடைசியில் அவர் கேட்டார், "அந்த நேரத்துல அவங்க பக்கத்துல யார் இருப்பாங்க?" என் மகன் என்றேன். "அவர் வகுப்புக்கு வர்றாரா?" என்றார். போனை வைத்துவிட்டுத்தான் காகிதமும் பேனாவும் தேடி எடுத்தேன்.

பிள்ளை பெற உடம்புக்குத் தெரியும் என்று நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும். பெறுகிற உடம்பு அவளுடையது. பக்கத்தில் நிற்கப்போகிற உனக்கு என்ன தெரியும்? எனக்கு என்ன தெரிந்தது? வம்சத்தில் ஊறியது என்றாயே, நம் வம்சத்தில் ஆம்பளைகளுக்கு ஊறியது வேப்பமரத்தடியும் மிட்டாயும் கண்ணாடியைத் திருப்பி வைப்பதும்தான். அதை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். வலியில் கிடக்கிறவள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது. அவளுக்குக் கண்ணை இருட்டினால் அதை ஒரு ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும், சொன்னவுடன் ஒரு ஆள் வண்டியை எடுக்க வேண்டும். வண்டி எடுக்கிற வேலை என்னுடையது. பார்த்துச் சொல்கிற வேலைக்குத்தான் வகுப்பு. வேலை இருக்கிறது, லீவு கிடைக்காது, நாலு பெண்களுக்கு நடுவில் உட்கார வெட்கமாக இருக்கிறது என்று எதையாவது சொல்லாதே. வெட்கத்தைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

வகுப்பு முடிந்து, டாக்டரும் சரியென்று சொல்லி, நீங்கள் ரெண்டு பேரும் யோசித்து வீடு என்று சொன்னால், நடு அறைக்கு வெள்ளையடித்து வைக்கிறேன். ஊர் நர்ஸம்மாவை நானே போய்ப் பார்த்து, திட்டையும் வாங்கிக்கொண்டு, வந்து பார்த்துப்போகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி என்று சொன்னால், வாசலில் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறேன், எனக்கு அது பழக்கம்தான். வகுப்பு வேண்டாம் ஆனால் வீடுதான் என்றால் மட்டும், கதிரு, இந்த வீட்டுக் கதவு அதற்குத் திறக்காது. உன்னிடம் நான் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. பேசாமல் இருந்து பார்த்தாகிவிட்டது.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளைக் கேட்காமல் அவள் கதையை எழுதி அனுப்புவது முறையில்லை அல்லவா? முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"அனுப்புங்க. ஆனா ஒண்ண விட்டுட்டீக" என்றாள்.

"என்னத்த விட்டேன்?"

"நான் தூங்கல. வழி பூரா எனக்கு நெனவு வந்து வந்து போச்சு. கண்ணத் தொறக்குறப்பல்லாம் அந்தக் கண்ணாடியத்தான் பாத்தேன், உங்க கண்ணு தெரியுமான்னு. காரு கூரைதான் தெரிஞ்சுச்சு."

இத்தனை வருஷமாக, நான் அவளைப் பார்க்காமல் விட்டதை நினைத்துத்தான் வெந்துகொண்டிருந்தேன். அவள் என்னைத் தேடியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வகுப்புக்கு இன்றைக்கே பேர் கொடு ஐயா. ரெண்டு பேர் பேரையும் கொடு. வினோதினி கண்ணைத் திறக்கும்போது உன் முகம் அங்கே இருக்க வேண்டும்.

அப்பா